சேசிஸ் கட்ட ஜிக் வாங்கலாமா, நீள அச்சுகளே போதுமா?

மாதிரி ரயில் எஞ்சினின் மேலுடல் எவ்வளவு நேர்த்தியாக வந்தாலும், ஓடப்போவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கி, விந்தி விந்தி நகரும் எஞ்சினைப் பெயின்டும் எண் பலகையும் காப்பாற்றுவதில்லை. அதனால்தான் நிக்கல் சில்வர் தகட்டில் அரித்தெடுத்த உறுப்புத் தொகுப்பான கிட்டை முதல்முறை கையில் எடுக்கிற பலரும், சக்கரம் மோட்டார் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைக் கேட்கிறார்கள்: சக்கர அச்சுகளை நேர்நிறுத்திப் பிடிக்கும் கருவியான ஜிக் ஒன்றை வாங்கிவிட்டுத் தொடங்குவதா, அது இல்லாமலே கட்டலாமா?

கடைந்து செய்த உலோக ஜிக், முனைகள் மெலிந்த நீள அச்சுகள், லேசரில் வெட்டிய மர ஜிக், சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடையும் சேசிஸின் பக்கத் தகட்டையும் ஒன்றாக வைத்துத் துளையிடும் பழைய முறை, எந்தத் துணையும் கேட்காமல் மடித்துப் பற்றவைக்கும் கிட் என்று வழிகள் பல. இவற்றை ஒப்பிடுமுன் எது எதற்கு அளவுகோல் என்று தெளிந்துகொள்ள வேண்டும். இதில் என் கருத்து உறுதியானது: சேசிஸின் துல்லியம் கப்ளிங் ராடிலிருந்து வருகிறது. ஜிக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ராடில் உள்ள அளவைச் சேசிஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, சால்டர் உறையும்வரை பிடித்துக்கொண்டிருக்கும் கருவிதான் அது. இதை ஏற்றுக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது.

எவ்வளவு பிசகினால் எஞ்சின் இறுகிப் பிடிக்கும்?

ஒரு அடிக்கு 4 மி.மீ. என்ற அளவுகோலில், அதாவது 1:76.2 விகிதத்தில், ஏழரை அடி அச்சிடைவெளி 30 மி.மீ. ஆகிறது. பக்கத் தகடுகளில் அந்த இடைவெளி 30.1 ஆகவும், ராடின் துளைகளுக்கு நடுவே 30.0 ஆகவும் இருக்கிறது என்று வையுங்கள். சக்கரத்தில் ராடு மாட்டும் ஆணியான கிராங்க் பின் சுழற்சியின் மேல்முனையிலோ கீழ்முனையிலோ இருக்கும்போது இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. சக்கரம் ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகத் திரும்பி அதைச் சமாளித்துவிடும். கிராங்க் பின் அச்சுக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ வரும்போது ராடு அச்சுகளை இணைக்கும் கோட்டிலேயே படுத்துவிடுகிறது. அப்போது சக்கரம் எப்படித் திரும்பினாலும் அந்த 0.1 மி.மீ. குறையாது. எஞ்சின் பிடிப்பது அங்கேதான். இரு பக்கக் கிராங்குகளும் 90 பாகை விலகி நிற்பதால், ஒரு சுற்றில் இப்படிப் பிடிக்கும் இடங்கள் நான்கு.

அச்சு கோணலாக நின்றால் நிலைமை இன்னும் மோசம். 16.5 மி.மீ. தண்டவாள அகலம் கொண்ட ஓஓ தரச் சேசிஸில் பக்கத் தகடுகள் ஏறக்குறைய 12 மி.மீ. விலகி நிற்கும், ராடுகளோ சக்கரங்களுக்கு வெளியே, 20 மி.மீ.க்கு மேல் விலகி ஓடும். ஒரு பக்கத்து பேரிங் மறுபக்கத்தைவிட 0.1 மி.மீ. முன்னால் போய்விட்டால், ராடு இருக்கும் இடத்தில் அது 0.17 மி.மீ. பிசகாக வளர்ந்து நிற்கும். தகடுகள் நெருங்க நெருங்க இந்தப் பெருக்கம் கூடும். 18.2 மி.மீ. அகலமுள்ள ஈஎம், 18.83 மி.மீ. அகலமுள்ள பி4 ஆகிய தரங்களில் தகடுகளை இன்னும் விலக்கி வைக்கலாம் என்பதால் பெருக்கம் குறைகிறது. ஆனால் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பெரும்பாலும் அச்சுகள் மேலும் கீழும் அசையும் சேசிஸையே கட்டுகிறார்கள். அங்கே அச்சுகளின் பேரிங்குகளைத் தாங்கும் ஹார்ன்பிளாக்குகளைத் தனித்தனியாக நிறுத்தியாக வேண்டும், வேலை கூடுகிறது.

பிடிக்கிற எஞ்சினுக்குப் பலரும் செய்யும் வைத்தியம் ராடின் துளைகளைப் பெரிதாக்குவது. அச்சு மேலும் கீழும் அசைவதற்கு எப்படியும் தளர்வு வேண்டுமே என்று காரணமும் சொல்வார்கள். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 30 மி.மீ. ராடின் ஒரு முனை அரை மில்லிமீட்டர் மேலே போனால் தேவைப்படும் கூடுதல் நீளம் 0.004 மி.மீ. மட்டுமே. துளை சீவும் கருவியான ரீமரால் இயல்பாகச் சீவிய துளையின் தளர்வே அதற்குத் தாராளம். இதைவிட அதிகமாக ஆட்டம் கொடுக்க வேண்டியிருந்தால், அச்சுகள் சரியாக நிற்கவில்லை என்றே பொருள்.

உலோக ஜிக்

நல்ல ஜிக்கில் தட்டையான அடித்தளம் இருக்கும். அதன்மேல் நகர்த்தி இறுக்கக்கூடிய தாங்கிகள், அவற்றில் ஸ்பிரிங் வைத்த எஃகுத் தண்டுகள். தண்டின் தடிமன் அச்சின் தடிமனே: 4 மி.மீ. அளவுகோலில் இயக்குச் சக்கர அச்சு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.175 மி.மீ.; 7 மி.மீ. அளவுகோலில் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, 4.76 மி.மீ. தண்டின் முனை ராடின் துளைக்குள் போகும் அளவுக்கு மெலிந்திருக்கும். ராடுகளைத் தண்டு முனைகளில் மாட்டி, தாங்கிகள் தாமாக அந்த இடைவெளிக்கு வந்து நின்றதும் திருகை முடுக்குகிறோம். பிறகு ராடுகளைக் கழற்றிவிட்டு, அதே தண்டுகளில் பக்கத் தகடுகளையும் பேரிங்குகளையும் ஏற்றுகிறோம்.

இதன் பெரிய பலம், இரண்டு கைகளும் விடுபடுவது. தகடுகள் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன. ஸ்பிரிங் ஹார்ன்பிளாக்கைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. ஒரு கையில் சால்டரிங் அயர்ன், மறு கையில் சால்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தூரிகை. இடைத் துண்டுகளைப் பற்றவைக்கும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும் அபாயமும் வெகுவாகக் குறைகிறது. எட்டு அல்லது பத்து இயக்குச் சக்கரங்கள் கொண்ட எஞ்சினில், அத்தனை பேரிங்குகளையும் ஒரே கோட்டில் நிறுத்திவைக்க இதைவிட வசதியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. தாங்கிகளுக்கு அகலம் இருப்பதால், அச்சுகள் மிக நெருங்கிய சின்ன டாங்க் எஞ்சின்களில் அவை ஒன்றோடொன்று முட்டும். வாங்குமுன் மிகக் குறைந்த இடைவெளி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கனமான அலுமினியம் வெப்பத்தை உறிஞ்சுவது இன்னொரு தொல்லை. வெப்பம் ஏறவில்லையே என்று அயர்னை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால், தகடு முழுவதும் சூடேறி நீள்கிறது. 60 மி.மீ. நீள நிக்கல் சில்வர் தகடு 150 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.15 மி.மீ. நீளும். ஜிக் குளிர்ந்தே இருக்க, நீண்ட தகட்டில் ஹார்ன்பிளாக் ஒட்டிக்கொள்ளும்; பிறகு தகடு ஆறிச் சுருங்கும்போது ஹார்ன்பிளாக்கையும் இழுத்துக்கொண்டு போகும். ஜிக்கிலிருந்து எடுத்த சேசிஸ் ஏன் பிடிக்கிறது என்று திகைப்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அகல முனையுள்ள, 40 அல்லது 50 வாட் அயர்னால் சட்டென்று பற்றவைத்து, அடுத்ததற்குப் போகுமுன் ஆறவிட வேண்டும். இடைத் துண்டுகளுக்கு 188 பாகையில் உருகும் சால்டர், ஹார்ன்பிளாக்குகளுக்கு 145 பாகையில் உருகுவது என்று பிரித்துக்கொண்டால், முன்பு போட்ட பற்றும் அவிழாது.

பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸ் எஃகுத் தண்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும். வேலை முடிந்த அன்றே கழுவித் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால், வழுக்கிப் போக வேண்டிய தண்டு சில மாதங்களில் உரசத் தொடங்கும். அளவுக் கருவியில் உரசல் என்றால் அளவிலும் பிசகு என்று பொருள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உலோக ஜிக் தன்மேல் வைத்த ராடை அப்படியே நம்பும். இடது ராடும் வலது ராடும் தமக்குள் ஒத்துப்போகாவிட்டால், ஜிக் அந்தப் பிசகையும் விசுவாசமாகச் சேசிஸில் பதித்துவிடும். எனவே எந்த ஜிக்கைத் தொடுமுன்னும் இரு ராடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, துளைகளில் ஒரே டிரில் பிட் ஜோடியைச் செருகிப் பாருங்கள். பிறகு ஒன்றைத் திருப்பிப் போட்டு மீண்டும் செருகுங்கள். இரண்டு முறையும் தடையின்றிப் போனால்தான் அவை ஜோடி. இரண்டு மூன்று அடுக்குகளை ஒட்டிச் செய்த ராடாக இருந்தால், அடுக்குகளைப் பற்றவைத்து முடித்த பிறகே துளையைச் சீவ வேண்டும். உள்ளே வழிந்த சால்டர் துளையின் மையத்தை நகர்த்திவிடக்கூடும்.

நீள அச்சுகளும் ஒரு கண்ணாடிப் பலகையும்

ஜிக்கின் உயிர்நாடியை மட்டும் தனியே எடுத்தால் கிடைப்பது இதுதான். அச்சின் தடிமனில் நீளமான எஃகுத் தண்டுகள். இரு முனைகளும் ராடின் துளைக்குள் போகும்படி மெலிந்தோ கூம்பாகவோ கடைந்தவை. கூடவே தண்டுகளில் மாட்ட சில சுருள் ஸ்பிரிங்குகள், தடித்த கண்ணாடிப் பலகை, மூலைமட்டம், வெர்னியர் காலிப்பர். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பக்கத் தகடுகளையும் இடைத் துண்டுகளையும் மட்டும் சேர்த்து, கண்ணாடிமேல் வைத்து, எந்த மூலையை அழுத்தினாலும் ஆடாதபடி ஆக்கிக்கொள்ள வேண்டும். பிறகு மோட்டார் ஓட்டும் அச்சின் ஹார்ன்பிளாக்குகள். இந்த முதல் அச்சுதான் மற்றெல்லாவற்றுக்கும் தாய். நீள அச்சைச் செருகி, தகட்டோடு அது செங்கோணத்தில் நிற்கிறதா என்று இரு பக்கமும் மூலைமட்டத்தால் பார்த்து, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு புள்ளியில் பற்றவைக்கிறோம். திரும்பப் பார்க்கிறோம். மறுபக்கத்தில் ஒரு புள்ளி. மீண்டும் பார்க்கிறோம். சரியென்று நிச்சயமான பிறகே முழுப் பற்று.

அடுத்த அச்சுக்கு வரும்போது, சுருள் ஸ்பிரிங் தகடுகளுக்கு இடையே இருந்துகொண்டு இரண்டு ஹார்ன்பிளாக்குகளையும் வெளிப்பக்கமாகத் தகட்டோடு தள்ளிப் பிடித்திருக்கும். அவை இன்னும் ஒட்டவில்லை. தகட்டின் திறப்பில் முன்னும் பின்னும் சிறிது நகரும். இப்போது ராடுகளைத் தண்டு முனைகளில் மாட்டுகிறோம். ராடு உள்ளே போகும் கணத்தில் ஹார்ன்பிளாக் ஒரு முடி அளவு நகர்ந்து தன் இடத்தில் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அளவு ராடிலிருந்து சேசிஸுக்குப் போவது இந்த அசைவில்தான். விரல் நுனியால் ராடை மெல்லத் தள்ளினால் தண்டு முனையில் அது தடையில்லாமல் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். வழுக்கினால் பற்றவைக்கலாம், சற்றே இறுக்கமாகத் தோன்றினால் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அயர்னைத் தொடக் கூடாது. பெரும்பாலும் துளையோரத்துப் பிசிறுதான் காரணமாக இருக்கும். கூம்பு முனை எந்த அளவுத் துளையிலும் தானே நடுவில் நிற்கும் என்பது வசதி. ஆனால் பிசிறு இருந்தால் கூம்பும் பக்கம் சாய்ந்துவிடும்.

இந்த முறையில் ஜிக் தராத ஒரு சோதனையும் சேர்ந்தே கிடைக்கிறது. தண்டுகள் 100 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். 12 மி.மீ. அகலச் சேசிஸில் கண்ணுக்கே தெரியாத 0.02 மி.மீ. கோணல், இரு பக்கத் தண்டு முனைகளுக்கு இடையே எடுக்கும் அளவுகளில் 0.17 மி.மீ. வித்தியாசமாக விரிகிறது. சாதாரண காலிப்பரே அதைச் சொல்லிவிடும். சக்கரம் மாட்டுமுன்னே, திருத்துவது எளிதாக இருக்கும்போதே, அச்சுகள் இணையாக இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடுகிறது.

கஷ்டம் எங்கே? பிடிப்பதில். சேசிஸ் மேசைமேல் தன்னந்தனியாக நிற்கிறது. ஸ்பிரிங் தள்ளுகிறது, ராடு தொங்குகிறது, ஃப்ளக்ஸ் வழிகிறது. அயர்ன் முனை ஹார்ன்பிளாக்கைச் சற்றுத் தள்ளினாலும் இடம் மாறும். பொறுமையும், சால்டரிங்கில் ஓரளவு கைப்பழக்கமும் இல்லாதவருக்கு இது எரிச்சல் தரும் வேலை. பேரிங்கையும் தண்டையும் சேர்த்தே பற்றவைத்துவிடும் ஆபத்தும் உண்டு. தண்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் சால்டர் ஒட்டாது; ஆனால் அந்த எண்ணெய் பற்றவைக்கும் இடத்துக்குப் பரவிவிடக் கூடாது.

மரமும் பிளாஸ்டிக்கும்

லேசரில் வெட்டிய மர ஜிக்குகளின் வசதி, வெப்பத்தை உறிஞ்சாமை. சிறிய அயர்ன் வைத்திருப்பவருக்கு அது உண்மையான நன்மை. தகடுகளை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையை நன்றாகவே செய்யும். ஆனால் அளவை மரத்தின் வெட்டுப் பள்ளத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஃப்ளக்ஸும் கழுவும் நீரும் ஊறினால் மரம் உப்பும். மரம் பிடிக்கட்டும், ராடு அளக்கட்டும் என்று நீள அச்சுகளோடு சேர்த்துப் பயன்படுத்தினால், உலோக ஜிக்கின் பெரும்பாலான வசதி கிடைத்துவிடுகிறது.

முப்பரிமாண பிரிண்டரில் எடுத்த ஜிக்கைப் பற்றவைக்கும் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். பரவலாகப் புழங்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கும்; 145 பாகை சால்டரின் அருகே அதற்கு வேலை இல்லை. பசையால் ஒட்டிக் கட்டும் சேசிஸுக்கு வேண்டுமானால் உதவும்.

சேர்த்துத் துளையிடுதல்

கிட் இல்லாமல் வெறும் தகட்டிலிருந்து கட்டுகிறவர்களுக்கும், அச்சுகள் அசையாத கெட்டிச் சேசிஸ் போதும் என்பவர்களுக்கும் இது இன்றும் மிகச் சிறந்த வழி. இரண்டு பக்கத் தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில இடங்களில் பற்றவைத்து, அவற்றின்மேல் ராடையும் வைத்து, சிறிய டிரில் பிட்டால் எல்லாவற்றையும் ஒரே ஊடுருவலில் துளைக்கிறோம். பிறகு பிரித்து, தகட்டின் துளைகளைப் பேரிங் அளவுக்குப் படிப்படியாகப் பெரிதாக்குகிறோம். ராடின் அளவு தகட்டுக்குப் போகிற பாதையில் இடையில் எந்தக் கருவியும் இல்லை. அதனால் பிசகு நுழைய இடமும் குறைவு. பெரிதாக்கும்போதுதான் கவனம் வேண்டும். கையால் சுழற்றும் ரீமர் மெல்லிய தகட்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகக்கூடியது. நிலையான டிரில்லிங் மெஷின் இருந்தால் இந்த முறையை நம்பி எடுக்கலாம். கைத்துரப்பணம் மட்டும் இருந்தால் வேண்டாம்.

கிட்டே ஜிக்காக இருந்தால்

இன்றைய நல்ல கிட்டுகள் பலவற்றில் நாக்கும் பள்ளமுமாகப் பொருந்தும் இடைத் துண்டுகள் வருகின்றன. சில சேசிஸ்கள் ஒரே தகடாக வந்து, மடித்தால் பெட்டியாகிவிடுகின்றன. ராடும் பக்கத் தகடும் ஒரே வரைபடத்திலிருந்து ஒரே தகட்டில் அரிக்கப்பட்டிருந்தால், துளைகளின் இடைவெளியும் ஒத்தே வரும். கெட்டிச் சேசிஸாக இவற்றைக் கட்டுவதற்கு ஜிக் வாங்குவது வீண் செலவு என்பேன். அச்சுத் துளைகள் சற்றுச் சிறியதாக வந்து, சீவும்போது மையம் விலகியிருந்தால் மட்டும், துளையை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, பேரிங் வளையமான புஷ்ஷை நீள அச்சாலும் ராடாலும் நிறுத்திப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

இந்த வழிகளில் எதுவும் செய்யாத வேலை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: இரு பக்கக் கிராங்குகளை 90 பாகையில் அமைப்பது. சேசிஸ் ஜிக் வாங்கினால் அதுவும் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ரோம்ஃபோர்டு, மார்கிட்ஸ் சக்கரங்களின் அச்சு முனை சதுரமாக இருப்பதால் கோணம் தானாக அமைகிறது. ஆலன் கிப்சன் சக்கரங்கள் போல உருண்டை அச்சில் அழுத்திச் செருகும் வகையில், கோணத்தைக் கட்டுகிறவரே அமைக்க வேண்டும்; அதற்குத் தனிக் கருவி இருக்கிறது. கையிருப்பு ஒரு கருவிக்கு மட்டும்தான், சக்கரமோ உருண்டை அச்சு வகை என்றால், சேசிஸ் ஜிக்கைவிடச் சக்கரம் அழுத்தும் கருவியே முதலில் வரட்டும். அச்சு நிறுத்தத்துக்கு மாற்றுவழிகள் பல உண்டு. கோணத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சரிசெய்வது அலுப்பான வேலை.

யாருக்கு எது?

ஆறு இயக்குச் சக்கரங்கள் கொண்ட எஞ்சின் ஒன்றையோ இரண்டையோ கட்டப்போகிறவர், அச்சுகள் அசையும் சேசிஸ் வேண்டுமென்றால் நீள அச்சுகளோடு தொடங்கலாம். சால்டரிங்கில் கை நடுங்கும் நிலையில் இருந்தால் ஒரு மர ஜிக்கையும் சேர்த்துக்கொள்ளட்டும். வரிசையாகப் பல எஞ்சின்கள் காத்திருக்கின்றன, எட்டுச் சக்கரம் பத்துச் சக்கரம் என்று நீண்ட சேசிஸ்களும் அவற்றில் உண்டு என்றால் உலோக ஜிக்குக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. அகலத்தை மாற்ற முடிகிறதா, 3.175 மி.மீ. தண்டுகளைக் கழற்றிவிட்டு 4.76 மி.மீ. தண்டுகளைப் போட முடிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அளவுகோல் மாறும் நாளில் ஜிக் மூலையில் கிடக்காது.

முடிவு எட்டாமல் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் நீள அச்சுகளை வாங்குங்கள். பின்னாளில் உலோக ஜிக் வந்தாலும், அதிலிருந்து எடுத்த சேசிஸைச் சோதிக்க அந்த அச்சுகள் வேண்டியிருக்கும். முதல் சேசிஸை அவற்றால் கட்டி முடித்த பிறகு, எந்த இடத்தில் மூன்றாவது கை இல்லையே என்று தவித்தீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். எந்த ஜிக்கை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்பதை அதை வைத்தே முடிவுசெய்யலாம்.